மே மாதம் வீசி எறிவதை ஆகஸ்டு வரை எங்கே வைப்பது?

கேள்வி: தாழ்வாரம்

அனைவருக்கும் வணக்கம். அமெரிக்காவின் வடகிழக்கில் உள்ள நியூ இங்கிலாந்துப் பகுதியில், ஊரைவிடப் பல்கலைக்கழகம் பெரிதாக இருக்கும் ஒரு சிற்றூரில் முதுகலை படித்துவருகிறேன். சென்ற மே மாதம் தேர்வுகள் முடிந்து இளங்கலை மாணவர்கள் விடுதிகளைக் காலி செய்த நாட்களில், ஆய்வகத்துக்குப் போகும் வழியில் வரிசையாக நிறுத்தப்பட்டிருந்த டம்ப்ஸ்டர்களை, அதாவது ஓர் ஆள் உயரத்துக்கு இருக்கும் இரும்புக் குப்பைப் பெட்டிகளை, தினமும் கடந்து சென்றேன். முதல் நாள் அட்டைப் பெட்டிகளும் பீட்சா உறைகளுமே கண்ணில் பட்டன. மூன்றாம் நாள் மூடியை மூட முடியாத அளவுக்குப் பொருட்கள் பிதுங்கி நின்றன: ஹேங்கரோடு சுருட்டி எறியப்பட்ட குளிர்ச்சட்டைகள், உறை பிரிக்காத சலவைத்தூள், சுருட்டிக் கட்டிய நீல நிறத் தரைவிரிப்பு, உள்ளே பாதி பால் புட்டியுடன் ஒரு சிறிய குளிர்சாதனப் பெட்டி. மேசை விளக்கு ஒன்றை மட்டும் எடுத்து வந்தேன். இப்போது இதைத் தட்டச்சு செய்வதும் அந்த வெளிச்சத்தில்தான்.

ஆகஸ்டில் இதே ஊருக்கு இந்தியாவிலிருந்து புதிய மாணவர்கள் வந்து சேர்ந்தார்கள். தலைக்கு இருபத்து மூன்று கிலோ எடையில் இரண்டு பெட்டிகள். அவற்றில் பாதி பருப்பும் பொடியும் ஊறுகாயும். முதல் இரண்டு வாரங்கள் கம்பளியைத் தரையில் விரித்துப் படுத்தார்கள். கார் வைத்திருக்கும் மூத்த மாணவர் யார் என்று விசாரித்து, வாளி, தலையணை, நாற்காலி என்று ஒவ்வொன்றையும் புதிதாக விலை கொடுத்து வாங்கினார்கள். மூன்று மாதங்களுக்கு முன் அதே தெருவில் குப்பைக்குப் போனவை அவை.

இந்த ஆண்டு நாங்கள் ஆறு பேர் சேர்ந்து ஏதேனும் செய்ய எண்ணுகிறோம். பல்கலைக்கழக அலுவலகம் ஒன்றில் பேசிப் பார்த்தோம். 'நல்ல யோசனை, ஆனால் இடமில்லை, பொறுப்பு யாருடையது என்பதும் தெளிவாக இல்லை' என்று அனுப்பிவிட்டார்கள். பொருட்களை இலவசமாகக் கொடுப்பதா, விற்பதா, முதல் பணத்துக்கு எங்கே போவது, எவற்றைத் தொடவே கூடாது என்பதை அனுபவமுள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

பதில் 1: பழைய அலமாரி

இதே போன்ற ஒரு மாணவர் குழுவில் மூன்று கோடைகள் வேலை செய்தவன் என்ற முறையில் சற்று விரிவாக எழுதுகிறேன், நீளத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கேள்விக்குள்ளேயே பதிலின் பாதி இருக்கிறது. கொடுப்பவர் மே மாதம் போய்விடுகிறார், வாங்குபவர் ஆகஸ்டு மாதம் வருகிறார். இருவரும் ஒரே வாரத்தில் ஒரே இடத்தில் இருந்திருந்தால் உங்களுக்கு எந்த வேலையும் இருந்திருக்காது, அவர்களே கைமாற்றிக்கொண்டிருப்பார்கள். ஆகவே இதை மறுசுழற்சி வேலை என்று நினைப்பதைவிடக் கிடங்கு வேலை என்று நினைப்பதே சரி. பொருள் சேகரிப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கும் குழுக்கள் மே மாதக் கடைசி வாரத்தில் ஒரு மலையளவு பொருட்களோடு நடுத்தெருவில் நிற்கும். எங்கள் முதல் ஆண்டு அப்படித்தான் முடிந்தது. ஒரு நண்பரின் வீட்டுக் கார் கொட்டகையில் அடுக்கினோம், ஜூன் மழையில் கூரை ஒழுகியது, மெத்தை விரிப்புகளில் பூஞ்சணம் பிடித்தது, கடைசியில் பாதிப் பொருட்களை நாங்களே குப்பைக் கிடங்குக்குக் காசு கொடுத்து அனுப்பினோம்.

உங்கள் பகுதியிலேயே நல்ல முன்மாதிரி ஒன்று இருக்கிறது. டர்ஹம் நகரில் உள்ள நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்தில், அலெக்ஸ் ஃப்ரீட் என்ற மாணவரும் அவருடைய நண்பர்களும் 2011ஆம் ஆண்டு 'டிராஷ் டு டிரெஷர்' என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். மே மாதம் விடுதிகளிலிருந்து சேகரிப்பது, கோடை முழுவதும் பாதுகாத்து வைப்பது, இலையுதிர் காலப் பருவம் தொடங்கும்போது புதிதாக வரும் மாணவர்களுக்குக் குறைந்த விலையில் விற்பது, வந்த பணத்தில் அடுத்த ஆண்டின் செலவைப் பார்த்துக்கொள்வது என்பதே அதன் அமைப்பு. இந்தக் கடைசிப் பகுதிதான் முக்கியம். ஆண்டுதோறும் ஓர் அலுவலகத்திடம் போய்க் கையேந்தி நிற்கும் திட்டம், அதைத் தொடங்கியவர் பட்டம் பெற்றுப் போனதும் படுத்துவிடும். தன் செலவைத் தானே ஈட்டும் திட்டம் ஆள் மாறினாலும் நிற்கும். அந்த அனுபவத்தை மற்ற வளாகங்களுக்குக் கொண்டுபோவதற்காக 2013இல் அவர்கள் தொடங்கியதே 'போஸ்ட் லேண்ட்ஃபில் ஆக்ஷன் நெட்வொர்க்' என்ற இலாப நோக்கற்ற அமைப்பு. முதலில் அவர்களுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதிப் பாருங்கள்.

விற்பதா கொடுப்பதா என்று கேட்டிருந்தீர்கள். விற்றுவிடுங்கள், ஆனால் ஒரு நாற்காலிக்கு ஐந்து டாலர் என்பதுபோல் விலையைப் பார்த்து யாரும் யோசிக்காத அளவில் விற்றுவிடுங்கள். எல்லாவற்றையும் இலவசமாக வைத்த ஆண்டில் முதல் ஒரு மணி நேரத்தில் வந்த நான்கு பேர் ஒரு பெரிய வண்டியில் அள்ளிப் போனதைப் பார்த்திருக்கிறேன். அவற்றில் இரண்டு மைக்ரோவேவ்களை அடுத்த வாரமே இணையத்தில் விற்பனைக்குக் கண்டேன். அடையாளமாக ஒரு விலை இருந்தால் தேவைப்படுபவர் தேவைப்படும் அளவுக்கு எடுத்துக்கொள்கிறார்.

தொடக்கூடாதவை என்று எங்களுக்கு ஒரு பட்டியல் இருந்தது. அதன் பெரும்பகுதி பட்டறிவில் வந்தது. மெத்தை, தலையணை, துணி உறையிட்ட சோபா ஆகியவற்றை எடுக்காதீர்கள். காரணம் உங்களுக்கே தெரியும், மூட்டைப்பூச்சி. தலைக்கவசத்தை எடுக்காதீர்கள், ஒருமுறை அடிபட்டதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. பாதுகாப்புக் குறைபாட்டுக்காகத் தயாரிப்பாளர் திரும்பப் பெற்ற பொருளை விற்பது 2008ஆம் ஆண்டின் நுகர்பொருள் பாதுகாப்பு மேம்பாட்டுச் சட்டப்படி குற்றம், பழைய பொருள் விற்பவருக்கும் அது பொருந்தும்; ஆகவே மின்சாதனங்களின் அடியில் ஒட்டியிருக்கும் மாதிரி எண்ணைத் திரும்பப் பெற்றவற்றின் பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்க ஒருவரை ஒதுக்குங்கள். சலிப்பூட்டும் வேலைதான், ஆனால் மழை பெய்யும் ஒரு ஜூலைப் பிற்பகலில் இரண்டு பேர் உட்கார்ந்தால் முடிந்துவிடும்.

இடத்துக்கு, 'கிடங்கு வேண்டும்' என்று பொதுவாகக் கேட்டால் இல்லை என்ற பதில்தான் வரும். கோடையில் எந்த இடம் காலியாகக் கிடக்கிறது என்று நீங்களே பார்த்துவிட்டு, பெயர் சொல்லிக் கேளுங்கள். கோடை வகுப்புகளுக்குத் திறக்காத விடுதியின் கூடம், பனித்தளம் உருக்கப்பட்டு வெறுந்தரையாகக் கிடக்கும் பனி ஹாக்கி அரங்கு, வேளாண் கல்லூரி இருந்தால் அதன் களஞ்சியம். எதுவும் கிடைக்காவிட்டால் வாடகைக்குக் கிடைக்கும் இரும்புக் கன்டெய்னர் ஒன்றை வண்டி நிறுத்துமிடத்தின் மூலையில் இறக்கிவைக்க அனுமதி கேளுங்கள். பொறுப்பு என்ற சொல்லுக்கு அலுவலக மொழியில் காப்பீடு என்று பொருள். பதிவு செய்த மாணவர் மன்றமாக நீங்கள் விண்ணப்பித்தால் பல்கலைக்கழகத்தின் காப்பீட்டுக்குள்ளேயே வந்துவிட வாய்ப்புண்டு. ஆறு நண்பர்களாகப் போனால் வரமாட்டீர்கள்.

பதில் 2: காயலான்

சென்னையிலிருந்து எழுதுகிறேன், சற்று மாறுபட்ட கருத்து, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

நான் படித்த பொறியியல் கல்லூரி விடுதியில் ஏப்ரல் கடைசியில் அறையைக் காலி செய்யும்போது இப்படி ஒரு குழுவும் தேவைப்படவில்லை, கிடங்கும் தேவைப்படவில்லை. வாயிலுக்கு வெளியே பழைய பேப்பர் கடைக்காரர் தராசோடு வந்து நிற்பார். நான்கு ஆண்டுப் புத்தகங்கள், பதிவேடுகள், நெகிழி வாளி, துருப்பிடித்த இஸ்திரிப் பெட்டி, எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு விலை உண்டு. அந்தப் பணத்தில் அன்று மாலை நால்வர் பரோட்டா சாப்பிட்டுவிடலாம். நல்ல நிலையில் இருந்த வாளியும் மின்விசிறியும் இரண்டாமாண்டுத் தம்பிகளிடம் போய்விடும். கேட்டுப் பெறுவதில் யாருக்கும் கூச்சமில்லை. இதைச் செய்ய ஒரு சங்கமும் ஒரு பெயர்ப்பலகையும் ஏன் வேண்டும்?

ஆனால் நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். எடைக்கு விலை இல்லாத எதையும் அவர் தொடமாட்டார். தேங்காய் நார் மெத்தைகளும் தலையணைகளும் மொட்டை மாடியில் மழையில் ஊறிக் கிடந்து, கடைசியில் யாரோ கொளுத்தினார்கள். மிதிவண்டிகளின் கதை அதைவிட மோசம். சொந்தக்காரர் வேலை கிடைத்துப் பெங்களூரு போயிருப்பார், பூட்டைத் திறக்கச் சாவி இருக்காது, அடுத்தவர் வண்டியை யாரும் எடுக்கவும் முடியாது. மர நிழலில் காற்றிறங்கிய சக்கரங்களோடு வரிசையாக நிற்கும் அந்த வண்டிகளில், நான் படிப்பை முடித்துப் போன கோடைக்குப் பிறகு என்னுடையதும் ஒன்று.

பதில் 3: செப்டம்பர் ஒன்று

பழைய அலமாரி அவர்கள் மூட்டைப்பூச்சியை ஒரு வரியில் கடந்துவிட்டார். கடிபட்டவளுக்குத்தான் தெரியும் என்பதால் நான் சற்று நிறுத்திச் சொல்கிறேன்.

பாஸ்டனில் வாடகை ஒப்பந்தங்களில் பெரும்பாலானவை செப்டம்பர் 1ஆம் தேதி தொடங்குகின்றன. அன்று நகரத்தின் மாணவர் பகுதிகளில் எல்லோரும் ஒரே நேரத்தில் வீடு மாறுகிறார்கள். ஆல்ஸ்டன் பகுதியின் நடைபாதைகளில் சோபாவும் அலமாரியும் தொலைக்காட்சியும் குவிந்து கிடக்கும். அந்த நாளுக்கு 'ஆல்ஸ்டன் கிறிஸ்துமஸ்' என்றே ஊரில் பெயர். வாடகை லாரியின் உயரத்தை மறந்து ஸ்டாரோ டிரைவ் சாலையின் தாழ்ந்த பாலத்தில் யாராவது ஒருவர் இடித்து மாட்டிக்கொள்வதும் கிட்டத்தட்ட அந்தத் திருவிழாவின் ஒரு சடங்கு. முதல் ஆண்டில் நானும் அறைத்தோழிகளும் அந்த நடைபாதையிலிருந்து ஒரு மெத்தையைத் தலைச்சுமையாகக் கொண்டுவந்தோம். பார்க்க வெள்ளை வெளேரென்று இருந்தது. பத்தாம் நாள் முழங்கையில் வரிசையாக மூன்று தடிப்புகள். மெத்தையின் ஓரத் தையலை விரலால் விலக்கிப் பார்த்தபோது மிளகுத்தூளைத் தூவியதுபோல் கரும்புள்ளிகள். அதன் பிறகு நடந்த பூச்சிமருந்து, வெந்நீர்ச் சலவை, வீட்டு உரிமையாளரோடு கடிதப் போர் ஆகியவற்றை எழுத இந்த இழை போதாது.

ஆகவே எடுக்கமாட்டோம் என்று சொன்னால் மட்டும் போதாது, எடுக்காததை என்ன செய்வது என்பதையும் இப்போதே முடிவு செய்யுங்கள். இரவோடு இரவாக நீங்கள் பொருள் சேகரிக்கும் இடத்தின் வாசலில் மெத்தையை வைத்துவிட்டுப் போவார்கள், அது உறுதி. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2022 நவம்பர் 1 முதல் மெத்தையையும் துணிகளையும் சாதாரணக் குப்பையில் போடத் தடை இருக்கிறது. மெத்தையைப் பிரித்து இரும்பு, நுரை, மரம், பஞ்சு எனத் தனித்தனியாக எடுக்கும் நிறுவனங்களிடம் கட்டணம் கட்டி அனுப்ப வேண்டும். உங்கள் மாநிலத்தின் விதியைத் தெரிந்துகொள்ளுங்கள். துணிகளுக்குக் கறுப்புப் பையைக் கொடுக்காதீர்கள், உள்ளே இருப்பது தெரியும் பையையே கொடுங்கள். கறுப்புப் பையில் பாதி சாப்பாட்டை நீங்கள் ஜூலை மாதம்தான் கண்டுபிடிப்பீர்கள்.

காயலான் அவர்களுக்கு ஒரு சொல்: இங்கே தராசோடு வாயிலில் நிற்பவர் இல்லை. ஒரு மணி நேரக் கூலி ஒரு நாற்காலியின் விலையைத் தாண்டிவிடும் ஊரில் அந்தத் தொழிலுக்குக் கட்டுப்படியாகாது. அவர் செய்கிற வேலையைத்தான் மாணவர்கள் சம்பளமில்லாமல் செய்ய முன்வருகிறார்கள்.

பதில் 4: வடகடல்

ஸ்காட்லாந்திலிருந்து எழுதுகிறேன். எடின்பரோவில் மாணவர்கள் தொடங்கி இன்று ஊர்மக்களும் உறுப்பினர்களாக இருக்கும் 'ஷ்ரப்' என்ற கூட்டுறவு அமைப்பு ஒன்று உண்டு. நீங்கள் ஒரு பொருளைக் கொடுத்தால் அதன் மதிப்புக்கேற்ப டோக்கன் கிடைக்கும். அந்த டோக்கனைக் கொண்டு வேறொரு பொருளை எடுத்துக்கொள்ளலாம். காசு வாங்கக் கூச்சப்படுபவரும் இலவசமாக எடுக்கக் கூச்சப்படுபவரும் அதில் எளிதாகப் பழகிவிடுகிறார்கள். ஆண்டு முழுவதும் இயங்கும் கடையாக இருப்பதால் மே, ஆகஸ்டு என்ற இடைவெளிச் சிக்கல் பெரிதும் குறைகிறது. ஆனால் நிரந்தரமாக ஒரு கடைக்கு வாடகை கட்ட வேண்டுமே என்ற வேறொரு சிக்கல் வருகிறது, அதையும் எண்ணிப் பாருங்கள்.

இந்த நாட்டில் விடுதிகளில் நடப்பது பெரும்பாலும் வேறு வகை. 'பிரிட்டிஷ் ஹார்ட் ஃபவுண்டேஷன்' என்ற அறக்கட்டளை 'பேக் ஃபார் குட்' என்ற பெயரில் விடுதிக் கூடங்களில் பைகளையும் பெட்டிகளையும் வைத்து, சேர்ந்ததைத் தன் கடைகளுக்குக் கொண்டுபோய் விற்கிறது. மாணவர்களுக்குச் சுமை குறைவு. ஆனால் பொருட்கள் ஊரெங்கும் உள்ள கடைகளுக்குப் போய்விடுவதால், செப்டம்பரில் விமானத்திலிருந்து இறங்கும் மாணவிக்கு அதே வளாகத்தின் தட்டும் கரண்டியும் கிடைப்பதில்லை. எனக்கு அதில் ஒரு சிறு மனக்குறை உண்டு. சட்டமும் இங்கே கண்டிப்பானது: 1988ஆம் ஆண்டின் அறைகலன் தீப்பாதுகாப்பு விதிகளின்படி தீப்பாதுகாப்புத் தரத்தைக் காட்டும் நிரந்தரத் துணிச்சீட்டு இல்லாத சோபாவை அறக்கட்டளைக் கடைகள் வாங்கவே மாட்டா. சொந்தக்காரர் அந்தத் துணிச்சீட்டு அரிக்கிறது என்று கத்தரித்துவிட்டால், நல்ல சோபா அந்த நொடியில் குப்பையாகிவிடும்.

தாழ்வாரம் எழுதியது:

இவ்வளவு விரிவாக எழுதிய எல்லோருக்கும் நன்றி. இந்த இரண்டு வாரங்களில் மாணவர் மன்றமாகப் பதிவு செய்துவிட்டோம். கோடையில் திறக்காத விடுதி ஒன்றின் அடித்தளத்தைப் பெயர் சொல்லிக் கேட்டோம். ஆகஸ்டு 10ஆம் தேதிக்குள் காலி செய்துவிட வேண்டும் என்ற நிபந்தனையோடு கொடுத்திருக்கிறார்கள். மிகப் பெரிய பொருள் சிறிய குளிர்சாதனப் பெட்டிதான் என்று முடிவு செய்துவிட்டோம், சோபா கிடையாது.

மூன்று ஐயங்கள் மட்டும் மிஞ்சியிருக்கின்றன. எங்களில் நால்வர் மாணவர் விசாவில் இருப்பவர்கள். விற்பனைப் பணத்திலிருந்து கோடைக்கால ஒருங்கிணைப்பாளருக்குச் சம்பளம் கொடுக்க நினைக்கிறோம், அதை நாங்கள் வாங்கலாமா? இரண்டாவது, ஊருக்குத் திரும்பும் நம் மாணவர்களின் சமையல் பொருட்களுக்கு அமெரிக்க மாணவர்களிடம் வரவேற்பு இருக்குமா? மூன்றாவது, குளிர்சாதனப் பெட்டிகளை இரண்டரை மாதங்கள் எப்படி வைத்திருப்பது?

பதில் 5: பழைய அலமாரி

முதல் கேள்விக்கு, எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர் வளாகத்துக்குள் வேலை செய்யலாம். பருவம் நடக்கும்போது வாரத்துக்கு 20 மணி நேரம், விடுமுறையில் அதற்கு மேலும். ஆனால் சம்பளம் பல்கலைக்கழகத்தின் வழியாக வருவதே பாதுகாப்பு. உங்கள் மன்றம் நேராகக் கையில் பணம் கொடுத்தால் சிக்கலாகலாம். ஆகவே விற்பனைப் பணம் பல்கலைக்கழகக் கணக்குக்குப் போய், அங்கிருந்து மாணவர் பணியாளர் என்ற முறையில் சம்பளம் வருமாறு அமைத்துக்கொள்ளுங்கள். ஒரு டாலர் கைமாறும் முன் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்கிவிடுங்கள். சம்பளம் கொடுக்கும் பணிக்குச் சம்பளமில்லாமல் தொண்டு செய்கிறேன் என்பதும் விசா விதியில் சிக்கலாகலாம், அதையும் சேர்த்தே கேளுங்கள்.

இரண்டாவது கேள்வியைப் படித்துச் சிரித்துவிட்டேன். இந்தியாவில் மின்சாரம் 230 வோல்ட், இங்கே 120. இங்கே வாங்கிய சோறு வேகவைக்கும் குக்கரை ஊருக்குக் கொண்டுபோக முடியாது, ஊரிலிருந்து கொண்டுவந்த மிக்ஸி இங்கே ஓடாது. அதனால் அமெரிக்க மின்சாரத்தில் ஓடும் பிரீத்தி மிக்ஸி ஒன்று ஒரு வளாகத்தில் இருந்தால் அது யாருக்கும் சொந்தமில்லை, குலச்சொத்து. நான் பார்த்த ஒரு மிக்ஸி அடுத்தடுத்து வந்த ஐந்து தொகுதி மாணவர்களுக்குத் தேங்காய்ச் சட்னி அரைத்தது. மூடியில் ரப்பர் வளையம் போய், ஒவ்வொருவரும் மேலே கைக்குட்டையை வைத்து அழுத்திப் பிடித்தே அரைத்தார்கள். இந்தப் பொருட்களைப் பொது விற்பனையில் வைக்காதீர்கள். மிக்ஸி, அழுத்தக் குக்கர், இட்லித் தட்டு, தோசைக்கல் ஆகியவற்றை ஒரு தனிப் பெட்டியில் போட்டு இந்திய மாணவர் சங்கத்திடம் ஒப்படைத்துவிடுங்கள். ஐந்து டாலருக்கு வாங்கும் அமெரிக்கப் பிள்ளை இட்லித் தட்டில் ஊதுவத்தி கொளுத்திவைத்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

குளிர்சாதனப் பெட்டி வந்த அன்றே மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். ஒரு மணி நேரத்தில் உள்ளே குளிரவில்லை என்றால் அதைத் தனியே வையுங்கள். குளிரூட்டும் வாயுவை உரிய முறையில் வெளியே எடுத்த பிறகே அதை உடைக்க வேண்டும் என்று கூட்டரசுச் சட்டம் இருப்பதால், அப்புறப்படுத்துவதற்குத் தனிக் கட்டணம் கேட்பார்கள். அந்தச் செலவை இப்போதே கணக்கில் எழுதிவிடுங்கள். ஓடுகிற பெட்டியைப் பனிக்கட்டி முழுவதும் உருகும்வரை திறந்துவைத்து, சமையல் சோடா கலந்த வெதுவெதுப்பான நீரால் துடைத்து, ஒரு பகல் முழுக்க உலரவிடுங்கள். எப்போதும் நிமிர்த்தியே வையுங்கள், ஒன்றன் மேல் ஒன்றாக இரண்டுக்கு மேல் வேண்டாம். கதவை மட்டும் மூடிவிடாதீர்கள். செய்தித்தாளை விரல் தடிமனுக்குச் சுருட்டிக் கதவிடுக்கில் செருகி, அதன் மேல் நாடாவை ஒட்டிவிடுங்கள். ஆகஸ்டில் நாடாவைப் பிரிக்கும்போது மூக்கைப் பொத்த வேண்டியிருக்காது.